அரசு மருத்துவமனைகளுக்கு ரோபோ: டெண்டர் எழுதும் முன் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்துக்கும்,

வணக்கம்.

2022 மார்ச்சில் சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் உள்ள பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையில், சுமார் 35 கோடி ரூபாய்ச் செலவில் ரோபோ அறுவை சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. கார்ப்பரேட் மருத்துவமனையில் லட்சக்கணக்கில் பணம் கட்டினால்தான் கிடைக்கும் என்றிருந்த ஒன்று அரசு மருத்துவமனைக்குள் வந்தது நல்ல காரியம். இனி மற்ற மருத்துவக் கல்லூரிகளும் கேட்கும். கேட்பதில் தவறில்லை. கன்சோலிலும் (மருத்துவர் உட்கார்ந்து ரோபோவை இயக்கும் இருக்கை), டேபிள் பக்கத்திலும், மயக்க மருந்து எந்திரத்தின் முன்னாலும், கருவி கழுவும் அறையிலும் வேலை செய்கிறவர்கள் என்ற முறையில் எங்களுக்குச் சொல்ல இருப்பது இதுதான். எந்திரத்துக்கு மட்டும் டெண்டர் போட்டால் பலன் நோயாளிக்குப் போய்ச் சேராது. எந்தெந்த அறுவைக்கு, வருடத்துக்கு எத்தனை, யார் கையால், எத்தனை கருவிகளோடு என்பதை முதலில் எழுதுங்கள். எந்திரத்தின் பெயர் கடைசியில் வரட்டும்.

ரோபோவால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்டால் 'சின்ன காயம், சீக்கிரம் வீடு' என்று ஒரே பதிலைச் சொல்கிறார்கள். அந்தப் பதிலில் பாதி, சாதாரண லேப்ராஸ்கோபிக்கே (வயிற்றில் துளையிட்டு, கேமராவில் பார்த்து, நீண்ட கருவிகளால் கையாலேயே செய்யும் அறுவை) உரியது. அதிலும் துளைகள்தான், அதிலும் சீக்கிரம் வீடுதான். ரோபோ கூடுதலாகத் தருவது வேறு. லேப்ராஸ்கோபிக் கருவி நீண்ட இடுக்கியைப் போன்றது. நுனி மடங்காது, கையை வலப்பக்கம் அசைத்தால் உள்ளே நுனி இடப்பக்கம் போகும். ரோபோவின் கருவி நுனியில் மணிக்கட்டு இருக்கிறது. கன்சோலில் கை திரும்பும் பக்கமே அதுவும் திரும்பும். கை 3 செ.மீ. நகர்ந்தால் நுனி 1 செ.மீ. மட்டும் நகரும்படி அளவைக் குறைத்துக்கொள்ளலாம். கை நடுக்கம் வடிகட்டப்படும். படம் முப்பரிமாணத்தில், பத்து மடங்கு வரை பெரிதாகத் தெரியும். கேமராவைப் பிடித்திருப்பது உதவியாளரின் களைத்த கை அல்ல, எந்திரத்தின் கை. ஆகவே ஆழமான, குறுகலான இடத்தில் தையல் போட வேண்டிய அறுவைகளில்தான் ரோபோவின் முழுப் பலன் தெரியும். எடுத்துவிட்டு வந்தால் போதும் என்கிற அறுவைகளில் அவ்வளவாகத் தெரியாது.

சிறுநீரகத்தில் 3 செ.மீ. புற்றுக் கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரகத்தை முழுதாக எடுத்துவிடுவது எளிது. கட்டியை மட்டும் எடுத்து, மீதியைக் காப்பாற்றுவதுதான் நோயாளிக்கு நல்லது, முக்கியமாகச் சர்க்கரை நோயும் ரத்தக் கொதிப்பும் உள்ளவருக்கு. அதற்குச் சிறுநீரக ரத்தக் குழாயைச் சின்ன கிளாம்ப்பால் அடைக்க வேண்டும். அடைத்த நொடியிலிருந்து கடிகாரம் ஓடும். பொதுவாக 25 நிமிடத்துக்குள் திறந்துவிடப் பார்ப்போம். அதற்குள் கட்டியைச் சுற்றி வெட்டி, திறந்துகொண்ட சிறுநீர்ப் பாதையையும் ரத்தக் குழாய் வாய்களையும் உள் வரிசைத் தையலால் மூடி, வெளி வரிசைத் தையலின் நூலை இழுத்து, முடிச்சுக்குப் பதில் பிளாஸ்டிக் கிளிப்பால் பூட்ட வேண்டும். வளைந்த பரப்பில் ஊசி செங்குத்தாக நுழையாவிட்டால் சிறுநீரகத் திசு கிழியும், ரத்தம் கொட்டும். மணிக்கட்டு இல்லாத கருவியால் இதை முடிக்கக்கூடியவர்கள் உண்டு, ஆனால் குறைவு. ரோபோ இருந்தால் பலரால் முடியும். ரோபோ இல்லாத ஊரில் இதே நோயாளிக்கு முழுச் சிறுநீரகமும் போய்விடக்கூடும். எங்களைக் கேட்டால், அரசு மருத்துவமனையில் ரோபோவை நியாயப்படுத்த இந்த ஒரு அறுவையே போதும்.

புராஸ்டேட் புற்றுநோய் அடுத்தது. இடுப்பெலும்புக்குப் பின்னால், கை நுழையாத குழியில், சிறுநீர்ப்பையின் வாயையும் சிறுநீர்க் குழாயின் முனையையும் வட்டமாகச் சேர்த்துத் தைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் 326 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு 2016-இல் வெளியானது. திறந்த அறுவையில் சராசரி ரத்த இழப்பு சுமார் 1,340 மி.லி.; ரோபோவில் சுமார் 440 மி.லி. மருத்துவமனையில் இருந்த நாள் சராசரி 3.27-இலிருந்து 1.55 ஆகக் குறைந்தது. ஆனால் சிறுநீர் அடக்கும் திறனிலும் பாலுறவுத் திறனிலும் 12 வாரத்தில் வித்தியாசம் இல்லை, 24 மாதம் கழித்தும் இல்லை. ரத்தம் ஏற்ற உறவினரைத் தேட வேண்டியதில்லை, துணைக்கு இருப்பவர் கூலியை இழக்கும் நாட்கள் குறையும் என்பது அரசு மருத்துவமனைக்கு வருகிறவருக்குப் பெரிய லாபம். 'சிறுநீர்க் கசிவே இருக்காது' என்று சொல்வது பொய். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழக வேண்டும்.

சிறுநீர்ப்பையை முழுதாக எடுக்கும் அறுவையில் பிரிட்டனில் 338 பேரிடம் நடந்த ஆய்வில் (2022) காயப் பிரச்சினை திறந்த அறுவையில் 16 சதவீதம், ரோபோவில் 5.6 சதவீதம், ரத்தக் கட்டி அடைப்பு 8.3-க்கு எதிராக 1.9 சதவீதம். மலக்குடல் புற்றுநோயில் நிலைமை அவ்வளவு தெளிவாக இல்லை. 471 பேர் சேர்ந்த பன்னாட்டு ஆய்வில் (2017), பாதியில் வயிற்றைத் திறக்க நேர்ந்தது லேப்ராஸ்கோபியில் 12.2, ரோபோவில் 8.1 சதவீதம். குறைவுதான், ஆனால் புள்ளியியல் கணக்கில் உறுதியாகாத வித்தியாசம். பருமனான, இடுப்பு குறுகலான ஆண்களுக்கு, கட்டி ஆசனவாய்க்கு அருகில் இருந்தால் ரோபோவைப் பயன்படுத்தலாம் என்பது எங்கள் கருத்து.

இனி, எதற்கு வேண்டாம் என்பது. வாங்கிய எந்திரம் சும்மா நிற்கிறது என்று தணிக்கைக் குறிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில், எண்ணிக்கைக்காகப் பித்தப்பை அறுவைகளை ரோபோவில் ஏற்றும் பழக்கம் எங்கும் உண்டு. பித்தப்பைக்கு லேப்ராஸ்கோபியே போதும், மாவட்ட மருத்துவமனை வரை அது நன்றாக நடக்கிறது. அமெரிக்காவில் முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் திட்டத்தின் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பித்தப்பை அறுவைகளை அலசிய 2023-ஆம் ஆண்டுக் கட்டுரையில், சரிசெய்ய மறு சிகிச்சை தேவைப்பட்ட பித்தநாளக் காயம் ரோபோவில் 0.7, லேப்ராஸ்கோபியில் 0.2 சதவீதம். பயிற்சிக்காகச் செய்கிறோம் என்றால், நோயாளியிடம் அதைச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். புற்றில்லாத காரணத்துக்காகக் கருப்பை எடுப்பதிலும் அப்படியே. பிறப்புறுப்பு வழியாக எடுக்க முடிந்தால் வயிற்றில் துளையே தேவையில்லை. நம் அரசு மகப்பேறு மருத்துவர்கள் அதில் கைதேர்ந்தவர்கள். ரோபோ வந்ததால் அந்தக் கை மறந்துபோனால் நஷ்டம் நமக்கு.

கருப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். நம் ஊர்ப் பெண்களிடம் அதிகம் காணப்படும் நோய் என்பதால், ரோபோ வந்ததும் முதலில் நினைவுக்கு வருவதும் அதுவாக இருக்கும். ஆரம்ப நிலையில் உள்ள 631 பெண்களிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், நோய் திரும்பாமல் நாலரை ஆண்டு வாழ்ந்தவர்கள் திறந்த அறுவையில் 96.5 சதவீதம், துளை வழி அறுவையில், அதாவது லேப்ராஸ்கோபியும் ரோபோவும் சேர்ந்து, 86 சதவீதம். உயிரிழப்பும் துளை வழியில் அதிகம். மறு ஆண்டு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வும், புற்றுநோய் அறுவைகளில் ரோபோவின் பாதுகாப்பும் பலனும் நிறுவப்படவில்லை என்று எச்சரிக்கை வெளியிட்டது. புதிய ஆய்வுகள் வேறு விதமாகச் சொல்லும்வரை, இந்தப் புற்றுக்கான பெரிய அறுவையை ரோபோவில் செய்யக் கூடாது என்று துறையே சுற்றறிக்கை அனுப்பலாம். தழும்பு பெரிதாக இருந்தால் பரவாயில்லை.

வாங்கும் கணக்குக்கு வருவோம். எந்திரத்தின் விலை முதல் நாள் செலவுதான். கைகளில் மாட்டும் கருவிகள் ஒவ்வொன்றிலும் சிப் இருக்கிறது. இத்தனை முறைக்கு மேல் எந்திரம் அதை ஏற்காது. டா வின்சி என்ற ரோபோவில் பல கருவிகளுக்கு நெடுங்காலம் பத்து லைஃப், அதாவது பத்து முறைப் பயன்பாடுதான். 2020-க்குப் பிறகு சிலவற்றுக்கு 12 முதல் 18 வரை கூட்டினார்கள். வருடத்துக்கு 300 அறுவை, ஒவ்வொன்றுக்கும் நான்கு கருவி, பத்து லைஃப் என்று வைத்தால் 120 கருவிகள் வேண்டும். ரோபோவின் நான்கு கைகளுக்கும், அறுவைக்கு அறுவை, கைக்கு ஒன்றாக 1,200 உறைகள். போர்ட்டின் (கருவி வயிற்றுக்குள் நுழையும் குழாய்) ரப்பர் சீல்கள் தனி, அவையும் ஒரே முறைதான். இவற்றுக்கு நிதி ஒதுக்காமல் எந்திரம் மட்டும் வந்தால், முதல் தவணைக் கருவிகள் தீர்ந்ததும் அறை பூட்டிக்கிடக்கும். ஆகவே விலைப்புள்ளி கேட்கும்போது எந்திரம், ஏழு வருடப் பராமரிப்பு, ஒரு அறுவைக்கு ஆகும் கருவிச் செலவு மூன்றையும் ஒரே தாளில் கேளுங்கள். கருவியின் விலையை அத்தனை வருடத்துக்கும் பூட்டுங்கள். இப்போது டா வின்சிக்குப் போட்டியாக வெர்சியஸ், ஹியூகோ, நம் நாட்டிலேயே தயாராகும் எஸ்.எஸ்.ஐ. மந்த்ரா எல்லாம் இருப்பதால் பேரம் பேச இடமுண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ரோபோ அறுவைக்கு வைக்கும் தொகையும் இந்தக் கருவிச் செலவைப் பார்த்து வைப்பதாக இருக்கட்டும். இல்லாவிட்டால் நூல், கிளிப் என்று நோயாளியின் உறவினர் கையில் சீட்டு போய்ச் சேரும்.

கேமரா ஒன்று மட்டும் வாங்குவது பொதுவாக நடக்கும் தவறு. அது கீழே விழுந்தாலோ படம் மங்கினாலோ அன்றைய பட்டியல் முழுவதும் ரத்து. குறைந்தது மூன்று வேண்டும்: 30 டிகிரி இரண்டு, நேர்ப்பார்வை ஒன்று.

கருவி கழுவும் அறையைப் பற்றி எந்தத் திறப்பு விழாவிலும் யாரும் பேசுவதில்லை. ரோபோக் கருவியின் தண்டு உள்ளே பொள்ளல். அதில் மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. ரத்தம் உள்ளே ஏறி உலர்ந்துவிட்டால் ஆட்டோகிளேவில் (நீராவியால் கிருமி நீக்கும் எந்திரம்) எத்தனை முறை போட்டாலும் அது அழுக்குதான். சூடேறிய அழுக்கு, அவ்வளவே. அறுவை முடிந்த கையோடு நனைத்து வைக்க வேண்டும். சலைனில் ஊறப் போடக் கூடாது, அரித்துவிடும். பிறகு என்சைம் திரவம், வெளிவரும் நீர் தெளியும் வரை அழுத்தத்தில் தண்டின் உள்ளே பாய்ச்சுதல், மணிக்கட்டை எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பி பிரஷ் போடுதல், அல்ட்ராசோனிக் தொட்டி, மறுபடி அலசல், உலர்த்தல், கம்பி பிரிந்திருக்கிறதா, மின்காப்பு உறை கீறியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தல். அதற்கப்புறம்தான் ஆட்டோகிளேவ். அவசரப்படுத்தாமல் செய்தால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரே செட் கருவியை வைத்துக்கொண்டு ஒரு நாளில் மூன்று அறுவை என்று திட்டம் போட்டால் இந்தப் படிகளில் ஏதோ ஒன்று விழுங்கப்படும். போர்வெல் தண்ணீரில் கழுவினால் உப்பு படிந்து மணிக்கட்டு இறுகும், ஆர்.ஓ. இணைப்பு டெண்டரிலேயே வரட்டும். மின்காப்பில் விழும் கீறல் சிறியதாகத் தெரியும், ஆனால் மின்சாரம் அந்த வழியே கேமராவில் தெரியாத இடத்தில் குடலைச் சுடும். அன்றைக்குத் தெரியாது, சில நாள் கழித்துக் காய்ச்சலும் வயிற்று வீக்கமுமாக நோயாளி திரும்பி வருவார்.

ஆட்கள் விஷயத்தில் அரசு மருத்துவமனைக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது: இடமாறுதல் கலந்தாய்வு. கன்சோலில் உட்காரும் அறுவை மருத்துவரின் திறமை பாதிதான். டேபிள் பக்கம் நின்று ரத்தம் உறிஞ்சுகிறவர், கிளிப் போடுகிறவர், கருவி மாற்றும் செவிலியர், கைகளின் உறையைக் கிழியாமல் மாட்டுகிறவர், மயக்க மருத்துவர் எல்லோரும் ஒரே குழுவாகப் பழக வேண்டும். பழகிய செவிலியர் ஒருவர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அறுவை நேரம் கூடுகிறது. ஒரு நிமிட வேலைக்காக ஐந்தாவது கருவியைத் திறந்து ஒரு லைஃபை வீணாக்குவது போன்ற செலவுகளும் கூடுகின்றன. ஒரு மையத்துக்கு இரண்டு முழுக் குழுக்கள், மூன்று வருடத்துக்கு இடமாற்றமில்லை என்று ஆணை போடுங்கள். மருத்துவர்களுக்கும் படிகள் வேண்டும்: சிமுலேட்டர் (நோயாளி இல்லாமல் கணினியில் பழகும் பயிற்சி எந்திரம்), பிறகு டேபிள் பக்க உதவியாளர், பிறகு அறுவையின் ஒரு பகுதி மட்டும், பிறகு அனுபவசாலி பக்கத்தில் இருக்க முழு அறுவை. நிறுவனம் நடத்தும் இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழை மட்டும் காட்டி யாரும் தனியாக உட்காரக் கூடாது. பெரும்பாலான எந்திரங்களில் தொடு உணர்வு இல்லை. டா வின்சி வரிசையில், 2024-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டா வின்சி 5-இல்தான் விசையை உணர்த்தும் கருவிகள் வந்தன. நூல் எவ்வளவு இறுகுகிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் நூலை அறுப்பார்கள், திசுவைக் கிழிப்பார்கள். அதெல்லாம் சிமுலேட்டரில் நடந்து முடிந்திருக்க வேண்டும். கூடவே, ஒரு மருத்துவருக்கு மாதம் ஒன்றிரண்டு அறுவைதான் கிடைக்கும் என்றால் கை பழகாது. பத்து ஊரில் பத்து எந்திரம் வைப்பதைவிட, நான்கு மண்டலத்தில் நான்கு வைத்து நோயாளியை அனுப்பிவைப்பது மேல்.

மயக்க மருத்துவத்துறையின் குரலும் வாங்கும் குழுவில் இருக்க வேண்டும். புராஸ்டேட் அறுவையில் வயிற்றுக்குள் 12 முதல் 15 மி.மீ. பாதரச அழுத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றி, தலைப்பக்கம் 25 முதல் 30 டிகிரி தாழ, மூன்று நான்கு மணி நேரம் நோயாளி கிடக்கிறார். உதரவிதானம் மேலே தள்ளப்படுவதால் மூச்சுக் குழாயில் வைத்த டியூப் ஒரு பக்க நுரையீரலுக்குள் நழுவக்கூடும்; சாய்த்த பிறகு மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும். முகமும் இமையும் வீங்கும், கண் அழுத்தம் ஏறும். கிளாகோமா (கண் அழுத்த நோய்) உள்ளவருக்கு முன்பே கண் மருத்துவரின் கருத்து தேவை. நழுவாமல் இருக்கத் தோளில் கட்டை கொடுத்தால் கை நரம்பு அடிபடும்; முதுகுக்கடியில் நழுவாத ஃபோம் விரிப்பு போட வேண்டும். கால்களைத் தாங்கியில் உயர்த்தி வைக்கும் அறுவை நீண்டால் கெண்டைக்கால் தசைக்கு ரத்தம் குறையும். ரோபோவின் கைகள் போர்ட்டில் பூட்டியிருக்கும்போது, எந்திரத்தோடு இணைந்து நகராத டேபிளை யாரும் அசைக்கக் கூடாது. அசைத்தால் வயிற்றுச் சுவர் கிழியும். இதனால்தான் பொருத்தமான டேபிளையும் சேர்த்தே வாங்கச் சொல்கிறோம்.

திடீர் ரத்தப்போக்கோ மாரடைப்போ வந்தால் கருவிகளை வெளியே எடுத்து, கைகளைக் கழற்றி, எந்திரத்தை விலக்கிவிட்டுத்தான் நோயாளியை நெருங்க முடியும். ரத்தக் குழாயை அழுத்திக்கொண்டிருக்கும் கருவியைக் கடைசியாக எடுக்க வேண்டும். யார் எதைச் செய்வது என்று சுவரில் எழுதியிருக்கட்டும். மாதம் ஒரு முறை கடிகாரம் வைத்து ஒத்திகை நடக்கட்டும். வயிற்றைத் திறக்கும் கருவிப் பெட்டி அதே அறையில் இருக்க வேண்டும், ஸ்டோரில் அல்ல. எந்திரம் செயலிழந்து, கருவியின் வாய் திசுவைக் கவ்வியபடி நின்றுவிட்டால் கையால் திறக்க ஒரு சிறிய சாவி தருவார்கள். அது எங்கே இருக்கிறது என்று இரவுப் பணிக்கு வரும் செவிலியருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மின்சாரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: தனி யு.பி.எஸ்., தனி சர்க்யூட், ஜெனரேட்டர் ஏறும் இடைவெளியைத் தாங்கும் பேட்டரி. ஏ.சி. அந்த அறைக்கு மட்டும் தனியாக.

மையம் ஓட ஆரம்பித்ததும் ஒவ்வொரு அறுவைக்கும் பதிவேடு வேண்டும். ரத்த இழப்பு, அறுவை நேரம், பாதியில் வயிற்றைத் திறந்தார்களா, திறந்தால் ஏன், எத்தனை நாள் தங்கினார், 30 நாளுக்குள் திரும்பி வந்தாரா, புற்று என்றால் வெட்டிய ஓரத்தில் செல் மிச்சமிருந்ததா. இதே விவரங்களைத் திறந்த அறுவை, லேப்ராஸ்கோபி நோயாளிகளுக்கும் எடுத்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வருடா வருடம் வெளியிடுங்கள். 'இத்தனை ரோபோ அறுவைகள் செய்து சாதனை' என்ற செய்திக் குறிப்பில் இவை எதுவும் இருப்பதில்லை.

கடைசியாக, ஒப்புதல் படிவம். ஆங்கிலப் படிவத்தில் கைநாட்டு வாங்குவது போதாது. தமிழில், ஒரே பக்கத்தில் இருக்கட்டும். ரோபோ தானாக எதையும் வெட்டாது, தைக்காது, மருத்துவர் அதே அறையில் உட்கார்ந்து இயக்குகிறார் என்பது முதல் வரி. பலர் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள், கேட்கக் கூச்சப்பட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் இன்னும் அதிகம். இந்த அறுவையை இந்த மருத்துவர் ரோபோவில் இதுவரை எத்தனை செய்திருக்கிறார், இதே அறுவையை லேப்ராஸ்கோபியிலோ திறந்தோ செய்ய முடியுமா, செய்தால் என்ன வித்தியாசம், தேவைப்பட்டால் நடுவில் வயிற்றைத் திறப்போம், அது தோல்வி அல்ல என்பவை அடுத்து. வெளியில் தெரியும் காயங்கள் 8 மி.மீ. என்றாலும், எடுத்த உறுப்பை வெளியே கொண்டுவர ஒரு துளையை 3 முதல் 5 செ.மீ. வரை பெரிதாக்குவோம் என்பதையும் எழுதுங்கள். அந்தக் காயம் உள்ளே ஆறச் சில வாரங்கள் ஆகும். மூட்டை தூக்குகிறவர், கட்டட வேலை செய்கிறவர், தண்ணீர்க் குடம் சுமக்கிறவர், 'சின்ன காயம்தானே' என்று பத்தாம் நாள் வேலைக்குப் போனால் அந்த வழியே குடல் பிதுங்கும். குறைந்தது நான்கு முதல் ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது என்று படிவத்தில் பெரிய எழுத்தில் போட்டு, வீட்டுக்கு அனுப்பும்போது அந்த நாட்களுக்கான மருத்துவச் சான்றையும் கையோடு கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
அறுவை அரங்குகளில் பணிபுரியும் மருத்துவர்கள், செவிலியர்கள், தொழில்நுட்பப் பணியாளர்கள் சிலர்